பக்கவாசல் மாத்திரைகள்

அந்த டாக்டர் இன்னும் இருக்கிறார். நன்றாக இருக்கட்டும். யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டும் வரைக்குமாவது அவருக்குக் காது கேட்கட்டும்.

நான் தேனிப் பக்கம் கூடலூரில் ஜீப் ஓட்டியவன். சொந்த ஜீப். காலையில் கேரளாப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுவேன். சாயங்காலம் அவர்களைக் கொண்டுவந்து இறக்குவேன். தோட்டத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அவர்களும் என் வண்டியில்தான் வருவார்கள். கேரளாவில் டாக்டர் இல்லாமல் இல்லை. ஆனால் நம் ஆட்களுக்குக் கீழே வந்து நம் ஊரில் காட்டினால்தான் மனசு ஆறும்.

எந்த டாக்டரிடம் காட்டுவது என்று நோயாளி முடிவு செய்வதில்லை, டிரைவர்தான் முடிவு செய்வான். "எங்கன போறது அண்ணே?" என்று கேட்பார்கள். கூடலூர் ஸ்டாண்டில் ஓடிய ஜீப்பெல்லாம் கம்பத்தில் ஒரே ஆஸ்பத்திரி வாசலில்தான் போய் நிற்கும். அது அங்கே ரொம்ப நாளாக இருந்த நடைமுறை. ஆள் கொண்டுவரும் டிரைவருக்குத் தீபாவளிக்கு வேட்டியும் துண்டும் வரும். டிரைவர் குடும்பத்துக்கு வைத்தியம் சும்மா. எல்லாவற்றையும் விடப் பெரிய மரியாதை ஒன்று இருந்தது. டிரைவருக்கு டோக்கன் கிடையாது. முன் ஹாலில் ஜனம் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும். நாங்கள் பக்கத்துச் சந்தில் இருந்த கதவைத் திறந்துகொண்டு நேராக டாக்டர் மேசைக்கே போவோம்.

அந்தக் கதவு வழியாக நுழையும்போது எனக்கு இருந்த மிதப்பு இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

தொண்ணூற்றேழோ எட்டோ, ஒரு நாள் பசியோடு வண்டி ஓட்டிவிட்டு ஸ்டாண்டில் இறங்கினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு ஒரு காய்ச்சல்காரரைக் கம்பத்துக்குக் கொண்டு போக வேண்டியிருந்ததால் பக்கவாசல் வழியாகப் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் இன்னொருவருக்கு மருந்து எழுதிக்கொண்டே என் கையில் பட்டையைக் கட்டி அழுத்திப் பார்த்தார்.

"பிரஷர் இருக்குப்பா."

"ஓட்டலாமா சார்?"

"தாராளமா ஓட்டு. இதைப் போட்டுக்கோ."

மேசையின் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே கம்பெனி ஆட்கள் கொடுத்துவிட்டுப் போன சாம்பிள் மாத்திரைகள் அட்டை அட்டையாகக் கிடந்தன. அதில் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். சீட்டு எதுவும் எழுதவில்லை. எங்களுக்கு ஒருபோதும் எழுதியதில்லை. சீட்டு டோக்கன்காரர்களுக்கு. எங்களுக்கு இழுப்பறை.

கொஞ்ச நாளில் இரண்டு காலும் வீங்கின. செருப்பு நுழையவில்லை. பக்கவாசல். "கால் வீங்குது சார்." இழுப்பறை. நீர் போக ஒரு மாத்திரை. அதைப் போட்டதும் மலையில் பாதி வழியில் வண்டியை நிறுத்தி ஒதுங்க வேண்டியதாயிற்று. பின்னால் பெண்கள் சிரிப்பார்கள். எழுந்து நின்றால் தலை கிறுகிறுத்தது. பக்கவாசல். இழுப்பறை. தலைசுற்றலுக்கு ஒன்று. இத்தனை மாத்திரைக்கு வயிறு எரிந்தது. அதற்கு ஒன்று. தூக்கம் கெட்டது. அதற்கும் ஒன்று. சத்துக்கு என்று சிவப்பாக ஒன்று, நான் கேட்காமலே கொடுத்தார்.

ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை, ஏற்கெனவே என்னென்ன போடுகிறாய் என்று. நானும் சொன்னதில்லை. சொல்ல எனக்கு என்ன தெரியும்? அவர் கொடுத்தது அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஆளைக் கொண்டுவந்து இறக்குகிறேன், அதற்கு மரியாதையாகக் கொடுக்கிறார், மரியாதையை யாராவது வேண்டாம் என்பானா? ஒன்றை நிறுத்திவிட்டதாகச் சொன்னால் அவர் முகம் மாறிவிடுமோ என்றுதான் பயந்தேன். ஸ்டாண்டில் எல்லா டிரைவரும் அப்படித்தான். யாருக்கு அதிகம் கொடுக்கிறார் என்று எங்களுக்குள் போட்டியே இருந்தது. "எனக்கு அஞ்சு வகை" என்பான் ஒருத்தன். "எனக்கு ஆறு" என்பேன் நான். மடையர்கள்.

என் மனைவி அவற்றையெல்லாம் ஜவுளிக்கடை மஞ்சள் பையில் போட்டு அடுப்படி ஆணியில் மாட்டி வைத்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் பையைக் கொட்டிப் பொறுக்குவாள்.

தலைசுற்றல் மாத்திரையை நான் வருஷக்கணக்கில் விடாமல் போட்டேன். மலை ஓட்டுகிறவனுக்குத் தலை சுற்றினால் முடிந்தது கதை, அந்தப் பயம். அப்புறம்தான் கை ஆட ஆரம்பித்தது. முதலில் வலது கட்டைவிரல் மட்டும். சும்மா வைத்திருந்தால் பீடி சுற்றுவதுபோல் அதுவாக உருளும். பிறகு கை முழுக்க. நடை குறுகியது. முகம் இறுகியது. என் மகள் ஏதோ வேடிக்கை சொன்னாள், நான் சிரித்ததாகத்தான் நினைத்தேன். "ஏப்பா முறைக்கிறீக?" என்றாள்.

வண்டியில் முன் சீட்டில் வழக்கமாக உட்காரும் ஒரு அம்மா இருந்தாள். ஏலக்காய் எடுப்பதில் கெட்டிக்காரி, வாய் அதைவிட.

"என்னண்ணே, கியரு ஆடுதா, கை ஆடுதா?"

"கியருதான் ஆத்தா."

"வண்டிதான நிக்கிது இப்ப? நிக்கிற வண்டியில எப்படி ஆடும்?"

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வாயோரம் எச்சில்தான் வந்தது.

பக்கவாசலில் போய்க் கையைக் காட்டினேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "நடுக்குவாதம்பா. வயசானா வர்றதுதான். இனி குணமாகாது, கட்டுப்படுத்தி வைக்கலாம்" என்றார். எனக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். "பாத்து ஓட்டு" என்றார்.

பார்த்துத்தான் ஓட்டினேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலேயிருந்து லாரி வந்தது. பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று மூளை சொன்னது, கால் நகரவில்லை. ஜீப் இடது பக்கத் தடுப்புச்சுவரை உரசிக்கொண்டு போய் நின்றது. அந்தப் பக்கம் சரிந்திருந்தால் அத்தனை பெண்களும் பள்ளத்தில். யாருக்கும் கீறல்கூட இல்லை. அந்த வாயாடி அம்மா இறங்கி வந்து, "அண்ணே, சாவியைக் குடுங்க" என்று மட்டும் சொன்னாள். அதுவரை அவள் கிண்டல் இல்லாமல் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அன்றைக்கே சாவி என் மச்சினன் கைக்குப் போனது. என் மனைவியின் தம்பி. ஜீப் ஓட்டத் தெரியும், ஆனால் அவனுக்கென்று ஜீப் கிடையாது. கிடைத்துவிட்டது.

"மச்சான், நீங்க ரெஸ்ட் எடுங்க. வண்டிய நான் பாத்துக்கிறேன்" என்றான். வாய் நிறையச் சிரிப்பு.

ரெஸ்ட் எடுத்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நடுக்க மாத்திரை போட ஆரம்பித்ததும் வாய் வறண்டது, பேர் மறந்தது, சுவரில் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தது. "எறும்பு" என்று தட்டிவிடுவேன். எறும்பு இருக்காது. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மச்சினன் வண்டியின் முன் கண்ணாடியில் இருந்த என் மகள் பேரை அழித்துவிட்டுத் தன் மகன் பேரை எழுதினான். ஸ்டாண்டில் நான் நடக்கிற மாதிரி குறுகுறுவென்று நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பானாம். டீக்கடைக்காரர் வந்து சொன்னார். எனக்கு எதுவும் புரியாது என்று நினைத்துத்தான், என் முன்னாலேயே என் மனைவியிடம் சொன்னார். எனக்கு எல்லாம் புரிந்தது. முகம்தான் அசையவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த ஜீப். அதில் ஏறி இன்னொரு தடவை மலை ஏற வேண்டும். அது நடக்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு நாள் காலையில் சிறுநீர் நின்றுவிட்டது. அடிவயிறு பானை மாதிரி உப்பிக்கொண்டது. கம்பத்து டாக்டர் வெளியூர் போயிருந்தார். வேறு வழி இல்லாமல் என் மனைவி என்னை ஆட்டோவில் போட்டு உள்ளூரிலேயே இருந்த டாக்டரம்மாவிடம் கொண்டு போனாள். அந்தம்மா தெற்கே எங்கிருந்தோ வந்து ஒரு சின்ன வீட்டில் கிளினிக் வைத்திருந்தார். கூட்டமே இருக்காது. ஊசி போட மாட்டார், காய்ச்சல் என்று போனால் கஞ்சி குடி என்று திட்டி அனுப்புவார் என்று பேர். டிரைவருக்கு வேட்டியும் கிடையாது.

குழாய் வைத்து நீரை எடுத்தார். எனக்கு உயிர் வந்தது. பிறகு, "என்னென்ன மாத்திரை சாப்பிடறார்?" என்று கேட்டார். என் மனைவி மஞ்சள் பையை நீட்டினாள். அந்தம்மா அதை மேசைமேல் கொட்டினார். அட்டைகள் மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தன.

"சீட்டு எங்கே?"

"சீட்டு இல்லீங்க. டாக்டர் சும்மாவே குடுத்தாக. இவுக டிரைவரு" என்றாள் என் மனைவி. அதில் அவளுக்கு அப்போதும் ஒரு பெருமை.

டாக்டரம்மா தரையில் விழுந்த அட்டைகளைப் பொறுக்கி மேசைமேல் வைத்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அது எனக்குப் புதுசு.

"இதுல எதை முதல்ல குடுத்தாங்க?"

பிரஷர் மாத்திரையைக் காட்டினேன்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"கால் வீங்குச்சு."

"அதுக்கு?"

நீர் மாத்திரையைக் காட்டினேன். அப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன வந்தது, அதற்கு எதைக் கொடுத்தார்கள், அதைப் போட்ட பிறகு என்ன வந்தது. மறந்த இடத்தில் என் மனைவி சொன்னாள். அந்தம்மா மாத்திரைகளை ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வைத்துக்கொண்டே வந்தார். கடைசிப் பெட்டி நடுக்க மாத்திரை.

"இந்தப் பிரஷர் மாத்திரைக்குக் கால் வீங்கும். வீக்கத்துக்கு நீர் மாத்திரை. அதுல தலை சுத்தும். தலைசுத்துக்கு இது. இதை மாசக்கணக்குல போட்டா கை நடுங்கும். நடுக்கத்துக்கு இது. இதுதான் இன்னிக்கு உங்களுக்கு மூத்திரத்தை அடைச்சது, எறும்பைக் காட்டினது. உங்களுக்கு நடுக்குவாதம் இல்லைன்னு நினைக்கிறேன். நிறுத்திப் பார்த்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. நான் நினைத்தது இதுதான்: அந்த இழுப்பறையைப் பிடுங்கிக் கம்பத்து டாக்டர் தலையில் கவிழ்க்க வேண்டும்.

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுரவா?" என்று கேட்டேன்.

"போட்டா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்றார். "நீங்களா ஒண்ணைத் தொடக் கூடாது. சிலது இன்னிக்கே நிக்கும். சிலது கொஞ்சங்கொஞ்சமாக் குறையும். தூக்க மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பே வரலாம். பிரஷர் நிஜமாவே இருக்கு. அதுக்கு ஒண்ணு வேணும், வேற ஒண்ணு தர்றேன்."

தலைசுற்றல் மாத்திரை அன்றைக்கே நின்றது. நடுக்க மாத்திரை பாதியாகி, பிறகு நின்றது. நீர் மாத்திரை போனது, கால் வீங்கவில்லை, ஏனென்றால் வீக்கம் கொடுத்த பழைய பிரஷர் மாத்திரையும் போயிருந்தது. தூக்க மாத்திரைதான் சனியன். முக்கால், அரை, கால் என்று என் மனைவி பிளேடால் வெட்டிக் கொடுத்தாள். தூக்கமே இல்லாமல் வியர்த்துக் கிடந்தேன். கையோ நிற்கவில்லை. மாதங்கள் போயின, இன்னும் ஆடியது.

மச்சினன் வந்து அக்காவிடம் சொன்னான், "அம்புட்டுப் பெரிய டாக்டரு குடுத்ததை இந்தப் பொம்பளை நிறுத்தச் சொல்லுதாம். மச்சானைக் கொல்லாம விடாது போலக்கா." என் மனைவியும் பயந்தாள். பழைய மாத்திரையைக் காபியில் கரைத்துக் கொடுத்துவிடலாமா என்று அவள் அவனிடம் கேட்டதை என் காதால் கேட்டேன். அதிலிருந்து என் காபியை நானே போட்டேன். பாதி கீழே சிந்தும். சிந்தட்டும்.

நம்பிக்கையினால் தாக்குப்பிடித்தேன் என்று சொன்னால் பொய். கோபத்தினால் தாக்குப்பிடித்தேன். கை ஆடும்போதெல்லாம் அந்த டாக்டர் குனிந்து எழுதும் தலையை நினைத்துக்கொள்வேன். மச்சினன் என்னை மாதிரி நடந்து காட்டுவதை நினைத்துக்கொள்வேன். இரண்டு பேரும் பார்க்க இந்தக் கை நிற்க வேண்டும்.

ஒரு நாள் காபி சிந்தவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை, என் மனைவிதான் கவனித்தாள். டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் டாக்டரம்மா உடனே ஓட்ட விடவில்லை. கையை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், படுத்து எழச் சொன்னார், திரும்பத் திரும்ப வரச் சொன்னார். கடைசியில், "ஆளில்லாம ஓட்டிப் பாருங்க முதல்ல" என்றார்.

ஆளில்லாமல் இல்லை. ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டேன். ஸ்டாண்டுக்குப் போய், "மாப்ளே, சாவியக் குடு, நீ பக்கத்துல உக்காரு" என்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவனால் மறுக்க முடியவில்லை.

குமுளி மலை. ஒவ்வொரு வளைவும் எனக்கு என் வீட்டுப் படி மாதிரி. அன்றைக்கு நான் ஓட்டின ஓட்டு நல்ல டிரைவர் ஓட்டுகிற ஓட்டு இல்லை. தடுப்புச்சுவரை ஒரு விரல் அகலம் விட்டு ஓட்டினேன். அவன் பக்கம்தான் பள்ளம்.

"மச்சான், மெதுவா..."

"என்னா மாப்ளே, கை ஆடுதா?"

"ஆடல மச்சான்."

"என் கையக் கேக்கல. உன் கையக் கேட்டேன்."

அவன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தான். நான் உரசின அதே வளைவில் நிறுத்தினேன். "எறங்கு. ஸ்டாண்டுல நடந்து காட்டுவியே, அதே மாதிரி இங்கன இருந்து ஊருக்கு நடந்து காட்டு" என்றேன். இறக்கிவிட்டு மேலே போய்விட்டேன். அவன் ஏதோ பஸ்ஸில் தொற்றி ஊர் வந்து சேர்ந்தான். என் மனைவி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பரவாயில்லை. கண்ணாடியில் மறுபடியும் மகள் பேரை எழுதினேன்.

மிச்சம் இருந்தது டாக்டர். அதற்குத் தீபாவளிவரை காத்திருந்தேன். வேட்டி கொடுக்கும் நாள். என்ன பேச வேண்டும் என்று மலை ஏறும்போதெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். கால் வீக்கத்தில் ஆரம்பித்து எறும்புவரை, ஒன்று விடாமல்.

பக்கவாசல். டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். நான் இரண்டு கையையும் அவர் மேசைமேல் அவர் கண்ணுக்கு நேராக நீட்டினேன். ஆடாமல் நின்றன. வாயைத் திறக்கும் முன்னால் அவர் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா? நம்ம மாத்திரை எப்படிக் கேட்டிருக்கு! நிறுத்திராத, ஆயுசுக்கும் போட்டுக்கோ." இழுப்பறையைத் திறந்து அதே நடுக்க மாத்திரை அட்டையை ஒரு கை அள்ளி, வேட்டிப் பொட்டலத்தின் மேல் வைத்து நீட்டினார்.

நான் சொல்லி வைத்திருந்த பேச்சு எல்லாம் போய்விட்டது. இந்த ஆளிடம் என்ன சொல்வது? என்னை முடக்கியதும் அவருக்குத் தெரியாது, நான் எழுந்ததும் அவருக்குத் தெரியாது. எதிரிக்குக்கூடத் தன் எதிரி யார் என்று தெரிய வேண்டாமா?

பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். பக்கவாசல் வழியாகப் போகவில்லை. முன் கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்கு வந்தேன். முக்கால்வாசிப் பேர் மலையிலிருந்து வந்தவர்கள், என் முகம் தெரிந்தவர்கள். அந்த அட்டைகளைத் தூக்கிக் காட்டினேன்.

"இவரு குடுத்த மாத்திரையத் தின்னுதான் நான் முடங்கி உக்காந்திருந்தேன். நிறுத்துனதுனாலதான் இப்ப நிக்கிறேன். மாத்திரைப் பையோட வந்தவுகல்லாம் பையை எடுத்துக்கிட்டு என் வண்டியில ஏறுங்க. வேற டாக்டர்ட்டக் காட்டலாம். வாடகை வேணாம்."

ஒருத்தரும் அசையவில்லை. கம்பவுண்டர் என் தோளைப் பிடித்தான். அப்போது மூலையில் இருந்து ஒரு குரல்: "ஏலே, அவரை விடுடா. அவரு கை ஆடுனதை நான் பாத்தவ." அந்த வாயாடி அம்மா. மூட்டுவலிக்கு வந்திருந்தாள். அவள் எழுந்ததும் ஜீப் நிறைந்துவிட்டது.

டாக்டரம்மா மகிழ்ந்துபோவார் என்று நினைத்தேன். வாசலில் இறங்கிய கூட்டத்தைப் பார்த்ததும் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டு இப்படிக் கூட்டிட்டு வந்தீங்க? மாத்திரைன்னாலே விஷம்னு நான் சொன்னேனா?"

ஒவ்வொருவராகப் பார்த்தார். பையைக் கொட்டி, அதே கேள்விகள். சிலருக்கு இரண்டு மூன்று குறைந்தது. வாயாடி அம்மாவுக்கு ஒரே வலி மாத்திரை மூன்று கம்பெனிப் பேரில் இருந்தது, இரண்டு போனது. இருதயக்காரி ஒருத்தியின் பையை ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல ஒண்ணுகூடக் குறைக்க முடியாது. எல்லாம் சரியாத்தான் குடுத்திருக்காரு. நாளைக்கு ஒரு வேளை விட்டாலும் ஆபத்து" என்றார். என்னைப் பார்த்தே சொன்னார். அந்தப் பெண்ணை நானே மறுபடியும் கம்பத்தில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல். அந்த ஆள் சரியாகவும் வைத்தியம் பார்ப்பார் என்பதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. டோக்கன் போட்டு முன்வாசலில் வந்தவளைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. பக்கவாசலில் வந்தவனைத்தான் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஸ்டாண்டு ஜீப்கள் ஒவ்வொன்றாக அந்த ஆஸ்பத்திரியை விட்டு விலகின. எல்லாம் விலகவில்லை. வேட்டிக்கு ஆசைப்பட்டவர்கள் போனார்கள், வேறொருத்தர் ஜீப்பை ஓட்டப் போயிருந்த மச்சினன் உட்பட. நான் நன்றி கெட்டவன் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. தான் குணமாக்கின கையாலேயே அடித்துவிட்டானாம்.

அவர் கொடுத்த வேட்டி ஜீப் துடைக்க ரொம்ப நாள் உழைத்தது. நல்ல துணி, ஆயிலை நன்றாக உறிஞ்சியது.

இப்போதும் பிரஷருக்கு ஒரு மாத்திரை போடுகிறேன், ஒன்றே ஒன்று. இப்போதும் கம்பத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறேன். அந்த ஆஸ்பத்திரி முன்னால் ஒலி எழுப்பக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எனக்குப் படிக்கத் தெரியும். அந்தச் சந்தின் வாயில் வண்டியை மெதுவாக்கி, வலது கையை ஹாரன்மேல் வைத்து, சந்து தாண்டும்வரை எடுக்காமல் அழுத்துவேன். கை கொஞ்சம்கூட ஆடாது.